நன்றியுரை முடியாமல் மூடி திறக்கலாகாது

வட ஜெர்சித் தமிழ்ப் பண்பாட்டுக் கழகத்தில் குடிக்கிறவர்கள் ஒருவரும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1986 மார்ச்சில் கழகம் பன்னிரண்டு குடும்பங்களோடு கரீபியன் தீவு ஒன்றுக்கு உல்லாசப் பயணம் போனபோது, குடிக்காத அந்தப் பன்னிரண்டு குடும்பத் தலைவர்களுக்காக ஆறு பாட்டில் ரம் சுமந்து போனவன் நான்.

நான் அப்போது எம்.எஸ். முடிக்கும் தறுவாயில் இருந்த மாணவன். பெயர் ஸ்ரீநிவாசன். கழகத்தில் 'டேய் சீனு' என்றால்தான் தெரியும். எடிசனில் ஒரு பெயின்ட் கம்பெனியில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கான கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. அதை, பயணம் முடிந்து வரும் திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் நான் மூட்டை கட்டிக்கொண்டு மெட்ராஸ் போக வேண்டியதுதான். கையெழுத்துப் போட வேண்டியவர் அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் டாக்டர் சுந்தரராமன். அவரே கழகத்தின் தலைவர். ஆகவே பெட்டி தூக்க வருகிறாயா என்று அவர் கேட்டபோது, எந்தப் பெட்டி என்றுகூட நான் கேட்கவில்லை.

பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு அவர் வீட்டு பேஸ்மென்டில் செயற்குழு கூடியது. பிரச்சினை, கழகச் சட்டத்தின் ஒன்பதாவது விதி: 'எந்த உறுப்பினரும் கழக நிகழ்ச்சிக்கு மது கொண்டுவரவோ, நிகழ்ச்சியின்போது அருந்தவோ கூடாது.' 1981 பொங்கல் விழாவில் ஓர் உறுப்பினர் மேடைக் குத்துவிளக்கின் தோளில் கை போட்டுத் தன் மேனேஜரைப் பற்றி முக்கால் மணி நேரம் முறையிட்டதன் விளைவாகப் பிறந்த விதி அது.

தலைவர் எழுந்து பேசினார்.

"நான் குடிக்கறவன் இல்லை. டாக்டர் சொன்னதுக்காக ராத்திரி ஒரு அவுன்ஸ் எடுத்துக்கறேன், அவ்வளவுதான்."

அவர் சொன்ன டாக்டர் அவரேதான். பாலிமரில் பட்டம் வாங்கியவர்.

"ஆனா நம்ம பண்பாடு என்ன சொல்றது? எதையும் முறையாச் செய்ங்கறது. முறை இல்லாம ஒரு துளி குடிச்சா அது குடி. முறையா ஒரு பாட்டில் குடிச்சாலும் அது பண்பாடு!"

பலத்த கைதட்டல்.

முறையைக் கண்டுபிடித்துத் தரும் பொறுப்பு செயலாளர் பஞ்சலிங்கத்துடையது. யாழ்ப்பாணத்துக்காரர், பாலம் கட்டும் இஞ்சினியர். கழகச் சட்டப் புத்தகத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்.

"விதி நாலைப் பாருங்கோ," என்றார். "நிகழ்ச்சி எண்டால் கடவுள் வாழ்த்தில துவங்கி நன்றியுரையில முடியிறது. அப்ப நன்றியுரை முடிஞ்ச பிறகு நடக்கிறது நிகழ்ச்சி இல்லை. விளங்குதோ? ஆனபடியால் அங்க போய் முதல் ஒரு நிகழ்ச்சி வைப்பம். முறையா வைச்சு முறையா முடிப்பம். பிறகு மூடியைத் திறப்பம்."

"கொண்டு போறது யாரு? உறுப்பினர் கொண்டுவரக் கூடாதுன்னு இருக்கே," என்றது ஒரு குரல்.

பஞ்சலிங்கம் திரும்பி என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் உறுப்பினர் இல்லைத்தானே?"

இல்லைதான். உறுப்பினர் பதிவேட்டில் பன்னிரண்டு பெயர்கள், பன்னிரண்டும் ஆண்கள். அவர்களுடைய மனைவியர் 'மற்றும் குடும்பத்தார்' என்ற வரியில் அடங்கியிருந்தார்கள். நான் அந்த வரியிலும் இல்லை.

ரம்மைத் தீவிலேயே வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டேன். பேஸ்மென்டே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

"அங்க கிடைக்குமோ கிடைக்காதோ," என்றார் தலைவர். இருபது கிலோ அரிசியும் இரண்டு ரைஸ் குக்கரும் மாவடு ஜாடியும் எந்தத் தத்துவத்தின்படி தீவுக்குப் புறப்பட்டனவோ, அதே தத்துவப்படி ஆறு பாட்டில் ரம்மும் எடிசனில் வாங்கப்பட்டு என் துணிகளுக்கு நடுவே படுத்தது. சட்டைகளில் மூன்றை எடுத்து வெளியே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நுவர்க் விமான நிலையம். கேட்டில் காத்திருக்கும்போது, விமானம் பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்று தலைவரின் மனைவி ஜலஜா ஆன்ட்டி மெல்லிய குரலில் ஒரு பிள்ளையார் பாட்டுப் பாடினார். பாடி முடிந்ததும் பஞ்சலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். அதன் தாத்பரியம் எனக்கு நாலரை மணி நேரம் கழித்துத்தான் விளங்கியது.

தீவின் விமான நிலையத்தில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். பூப்போட்ட பாவாடை கட்டிய பெண் ஒருத்தி, வந்திறங்கும் ஒவ்வொருவருக்கும் காகிதக் கோப்பையில் இலவசமாக ரம் கொடுத்துக்கொண்டிருந்தாள். இலவசமாக. என் கையிலிருந்த பெட்டி திடீரென்று இரண்டு மடங்கு கனத்தது.

தலைவர் கை நீட்டினார்.

"பொறுங்கோ, பொறுங்கோ!" பஞ்சலிங்கம் குறுக்கே பாய்ந்தார். "நுவர்க்கில கடவுள் வாழ்த்துப் பாடியாச்சு. நிகழ்ச்சி துவங்கீட்டுது. நன்றியுரை இன்னும் இல்லை. கையை எடுங்கோ."

"அது சாதாரணப் பாட்டு ஓய்!"

"பிள்ளையார் கடவுளோ இல்லையோ? அதைச் சொல்லுங்கோ முதல்ல."

பண்பாட்டுக் கழகத் தலைவர் பிள்ளையாரை மறுக்க முடியுமா? கையை எடுத்தார். பன்னிரண்டு ஆண்களும் இலவச ரம்மைத் தாண்டி, இராணுவ அணிவகுப்புப் போல நேர்ப்பார்வையோடு நடந்தார்கள். ஜலஜா ஆன்ட்டி மட்டும் மேசை முன் நின்று, "என்னது, ஜூஸா?" என்று கேட்டு ஒரு கோப்பை குடித்தார். யோசித்தார். இன்னொன்று குடித்தார்.

"பானகம் மாதிரி நன்னாத்தான் இருக்கு," என்றார் என்னிடம். "தொண்டைல இறங்கறச்சே கொஞ்சம் வெடுக்குங்கறது."

அன்று மாலையே நிகழ்ச்சியை முடித்துவிடுவது என்று முடிவாயிற்று. ஐந்து மணிக்குக் கடற்கரையில் ஜமக்காளம் விரிக்கப்பட்டது. ஐஸ் பெட்டியில் ஆறு பாட்டில்களையும் அடுக்கி, தென்னை மரத்தடியில் நான் காவல் உட்கார்ந்தேன். அப்போதுதான் சிறப்பு விருந்தினர் இல்லை என்பது தெரிந்தது. சிறப்பு விருந்தினர் இல்லாமல் பொன்னாடை இல்லை. பொன்னாடை இல்லாமல் அது நிகழ்ச்சியே இல்லை. நடக்காத நிகழ்ச்சிக்கு நன்றி சொல்ல முடியாது. எனவே ஹோட்டலில் சாய்வு நாற்காலிகளை மடக்கி வைக்கும் டெஸ்மண்ட் என்ற ஆறரை அடி ஆளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து நடுவில் உட்கார வைத்தார்கள். கொதிக்கும் வெயிலில் ஜரிகைச் சால்வையைப் போர்த்தி, "கடல் கடந்தும் தமிழ்த் தொண்டாற்றி வரும்" என்று தலைவர் அவரை அறிமுகப்படுத்தினார். தனக்குக் கல்யாணமா என்று டெஸ்மண்ட் என்னிடம் தனியாக விசாரித்தார். இல்லை என்றதும் முகம் தெளிந்தது.

பிறகு நன்றியுரை.

கழகத்தின் நிரந்தர நன்றியுரையாளர் ராமசுப்ரமணியன். ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியில் புரோகிராமர். மூன்று வருஷத்துக்கு முன் தலைவர் பதவிக்குப் போட்டியிட இருந்தவரைச் சமாதானப்படுத்தி விலக்கினார்கள். சமாதானத்தின் விலை, சட்டத்தில் பன்னிரண்டாவது விதி: 'நன்றியுரை ஆற்றுபவரை எவரும் எக்காரணம் கொண்டும் இடைமறிக்கலாகாது.' அன்றிலிருந்து அந்தப் பதவியை அவர் முழு மூச்சோடு அனுபவித்து வருகிறார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "முதற்கண்," என்று ஆரம்பித்தார்.

முதற்கண் ஐந்து நிலங்களுக்கும் நன்றி சொன்னார். அவற்றில் நெய்தல் அருகிலேயே இருந்ததால் அதற்குக் கூடுதலாக இருபது நிமிஷம். பிறகு மூவேந்தர்கள். ஆறரை மணிக்கு அவர் பல்லவர்களை நெருங்கிக்கொண்டிருந்தபோது, தலைவர் என் பக்கம் நகர்ந்து வந்து ஐஸ் பெட்டியின் மூடியை ஒருமுறை தடவிக் கொடுத்தார். சமயம் பார்த்துச் சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்தேன். நனையாமலிருக்க பிளாஸ்டிக் உறை போட்டிருந்தேன்.

"சார், இந்த லெட்டர்..."

"ஃபங்ஷன் முடியட்டும்டா. முடிஞ்ச உடனே ஃபர்ஸ்ட் வேலை அதான்."

ஃபங்ஷன் முடியவில்லை. மழை வந்துவிட்டது. ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். ராமசுப்ரமணியன் மட்டும் நனைந்தபடி இரண்டாம் நந்திவர்மன் வரை பேசினார். ஹோட்டல் வராந்தாவில் பஞ்சலிங்கம் தீர்ப்புச் சொன்னார்: நன்றியுரை முற்றுப்பெறவில்லை; ஆகவே நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கிறது; உறுப்பினர்கள் தூங்கும்போதும் நிகழ்ச்சியில்தான் இருக்கிறார்கள்.

அன்று பன்னிரண்டு பேரும் மோர் சாதம் சாப்பிட்டுப் படுத்தார்கள்.

மறுநாள் சனிக்கிழமை, ஷாப்பிங். தீவின் கடைத்தெரு முழுக்க வரியில்லாத சாராயக் கடைகள். குடிக்கத்தான் விதி தடுத்தது. அட்டைப்பெட்டியில் கட்டி நேரே விமானத்தில் ஏற்றுவதைத் தடுக்கவில்லை என்று பஞ்சலிங்கம் காலையிலேயே தெளிவுபடுத்தியிருந்தார். கடைக்காரர், ஊர் திரும்பும்போது ஓர் ஆளுக்கு ஐந்து பாட்டில்வரை வரியில்லாமல் கொண்டுபோகலாம் என்றார். தலைவர் ஐந்தை எடுத்து வைத்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். அவ்வளவு கனிவோடு அவர் மனைவியைப் பார்த்து நான் கண்டதில்லை.

"ஜலஜாவும் ஒரு ஆள்தானே?" என்றார் கடைக்காரரிடம்.

"நிச்சயமாக," என்றார் கடைக்காரர். "கஸ்டம்ஸில் ஆணென்ன, பெண்ணென்ன? தலைக்கு ஐந்து."

பன்னிரண்டு கணவர்களும் பன்னிரண்டு மனைவியரைக் கனிவோடு பார்த்தார்கள். பெண்ணுரிமை அன்று அந்தக் கடையில் அறுபது பாட்டில் உயரத்துக்கு எழுந்து நின்றது.

கடைக்கு வெளியே நிழலில் நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஜலஜா ஆன்ட்டி வந்தார்.

"என்னடா அது, நேத்துலேருந்து நெஞ்சோட வெச்சிண்டு சுத்தறே? லவ் லெட்டரா?"

விஷயத்தைச் சொன்னேன். இதுவரை நாலு தடவை கேட்டதையும், நாலு தடவையும் ஃபங்ஷன் முடியட்டும் என்று சொன்னதையும் சொன்னேன்.

"ஃபங்ஷன் முடிஞ்சா பாட்டிலைத் திறப்பார். அதுக்கப்புறம் அவர் கையெழுத்துப் போட்டா அது தமிழா சைனீஸாங்கறது அவருக்கே தெரியாது. நாளைக்கு ஃப்ளைட்ல குறட்டை. நாளன்னிக்கு உன் ஆபீஸ்." ஆன்ட்டி கொஞ்சம் யோசித்தார். "ஏண்டா சீனு, மெம்பர் லிஸ்ட்ல என் பேர் இருக்கோ?"

"இல்லையே ஆன்ட்டி. 'மற்றும் குடும்பத்தார்'லதான் வருவீங்க."

"ஓஹோ," என்றார்.

அன்று மத்தியானம் செயற்குழு அவசரமாகக் கூடி, நேற்றைய அனுபவத்தை முன்னிட்டு நன்றியுரையாளரை மாற்றுவதாகத் தீர்மானித்தது. ராமசுப்ரமணியனுக்கு மழையில் தொண்டை கட்டிக்கொண்டது என்று காரணம் எழுதினார்கள். "எனக்குத் தொண்டை ஜோரா இருக்கு!" என்று அவர் கத்தியது குறிப்பேட்டில் இல்லை. குறிப்புக் காகிதக் கத்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தனி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சுருக்கமாகப் பேச, மேடைத் தமிழே சரியாக வராத ஒருவன் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரெண்டே ரெண்டு நிமிஷம்டா," என்றார் தலைவர். "நன்றின்னு சொல்லு, வணக்கம்னு சொல்லு, உட்காரு."

"சார், அதுக்கு முன்னாடி இந்த லெட்டர்..."

"ஃபங்ஷன் முடியட்டும்."

மாலை ஐந்து மணி. அதே ஜமக்காளம், அதே டெஸ்மண்ட். பொன்னாடையை இந்தத் தடவை அவரே அறையிலிருந்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். தலைவரின் வரவேற்புரை மூன்றே வாக்கியம். ஐஸ் பெட்டியை விட்டு எழுந்திருக்கத் தயங்கினேன்.

"நீ போய்ப் பேசுடா. பெட்டியை நான் பாத்துக்கறேன்," என்றார் ஜலஜா ஆன்ட்டி. குரலைத் தாழ்த்தி, "சுருக்கமாப் பேசித் தொலைச்சுடாதே," என்றும் சொன்னார்.

மைக்கைப் பிடித்தேன். பன்னிரண்டு நாக்குகள் எதிரே வறண்டு கிடந்தன.

"தலைவருக்கு நன்றி. செயலாளருக்கு நன்றி. சிறப்பு விருந்தினருக்கு நன்றி."

தலைவர் எழுந்திருக்க ஒரு கையை ஊன்றினார்.

"இறுதியாக," என்றேன். எல்லோர் முகமும் மலர்ந்தது. "இறுதியாக, நம்மைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த விமானிக்கு நன்றி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானிக்கும் நன்றி. அன்று நம் விமானத்தை ஓட்டாமல் வேறு விமானங்களை ஓட்டிய ஏனைய விமானிகளும் நம்மீது வந்து மோதவில்லை. அவர்களுக்கும் நன்றி."

தலைவர் ஊன்றிய கையை எடுத்தார்.

ரைஸ் குக்கரைக் கண்டுபிடித்த ஜப்பானியருக்கு நன்றி சொன்னேன். மாவடு காய்த்த மரங்களுக்கும், அவற்றுக்கு நீர் பாய்ச்சிய ஆறுகளுக்கும். என்னை நிறுத்துவதற்காகக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கும் நன்றி சொன்னேன். மூன்று தடவை 'இறுதியாக' என்று சொன்னேன். நாலாவது தடவைக்கு யாரும் அசையவில்லை. தூரத்தில் தனி நாற்காலியிலிருந்த ராமசுப்ரமணியன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, தொழில் தெரிந்தவர் பார்வையில் என்னைப் பார்த்தார்.

"போதும் நிறுத்துடா!" என்று ஒருவர் எழுந்தார்.

"விதி பன்னிரண்டு," என்றார் பஞ்சலிங்கம், வேதனையோடு. "மறிக்கேலாது. இருங்கோ."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. சூரியன் கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் தெருப் பெயர்ப் பலகைகளை எழுதியவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணால் தென்னை மரத்தடியைப் பார்த்தேன். ஜலஜா ஆன்ட்டி கையால் ஜவ்வு மிட்டாய் இழுப்பது போல ஒரு சைகை காட்டினார். இழு, இன்னும் இழு.

"இன்னும் ஒரே ஒருவருக்கு நன்றி சொல்ல ஆசைப்படுகிறேன்," என்றேன். "ஆனால் அவர் செய்ய வேண்டிய காரியத்தை இன்னும் செய்யவில்லை. செய்யாத காரியத்துக்கு நன்றி சொல்வது நம் பண்பாடு அல்ல. எனவே அவர் செய்கிற வரையில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்து, தபால் இலாகாவினர்."

"யாருய்யா அது?" பதினொரு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். "என்ன காரியம்? செஞ்சு தொலையேன்யா!"

நான் பாக்கெட்டிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து விசிறிக்கொண்டேன். தலைவரின் முகம் எங்கள் கம்பெனி பெயின்ட் அட்டையில் உள்ள வண்ணங்களில் ஏழெட்டை வரிசையாகக் காட்டியது.

"பேனா இல்லையே," என்றார் கடைசியாக.

கடற்கரைக்கு அரை நிஜாரோடு வந்திருந்த இஞ்சினியர்களின் பைகளிலிருந்து எட்டுப் பேனாக்கள் நீண்டன. ஒருவர் குனிந்து முதுகைக் காட்டினார். அந்த முதுகின் மேல் வைத்து டாக்டர் சுந்தரராமன் கையெழுத்துப் போட்டார். தேதியும் போடச் சொன்னேன். போட்டார். கடிதத்தை உறைக்குள் செருகி, ஒருமுறை ஊதி, பாக்கெட்டில் வைத்துப் பொத்தானைப் போட்டேன்.

"நன்றி. வணக்கம்."

ஒரு நன்றியுரைக்கு அப்படிப்பட்ட கைதட்டலை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. உறுப்பினர்கள் தென்னை மரத்தை நோக்கி ஓடினார்கள். முன்னால் தலைவர்.

ஓடியவர்கள் நின்றார்கள்.

ஐஸ் பெட்டி திறந்திருந்தது. அதைச் சுற்றிப் பன்னிரண்டு மனைவியரும் சாய்வு நாற்காலிகளில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு டம்ளர். இரண்டு பாட்டில்கள் காலி. மூன்றாவதின் கழுத்தை ஜலஜா ஆன்ட்டி லாகவமாகப் பிடித்திருந்தார்.

"ஜலஜா! என்ன இது?"

"ஜூஸ்," என்றார் ஆன்ட்டி. "ஏன், முறையாத்தானே குடிக்கறோம்? மெம்பர்தான் குடிக்கக் கூடாதுன்னு ரூல். கடையில நான் ஒரு ஆள்னு சொல்லி என் பேர்ல அஞ்சு பாட்டில் வாங்கிண்டேளே, லிஸ்ட்ல நான் ஆளா? நாங்க வெறும் 'மற்றும்'."

பஞ்சலிங்கம் புத்தகத்தைப் புரட்டினார். அவருடைய மனைவி தவமணிதேவி ஆன்ட்டி டம்ளரை அவர் பக்கம் உயர்த்தினார். "என்னப்பா, பிழையோ?" பஞ்சலிங்கம் பிழை கண்டுபிடிக்க முடியாமல் புத்தகத்தை மூடினார்.

"சரி, சரி, போனது போகட்டும்," தலைவர் கை நீட்டினார். "மிச்சத்தைக் கொடு. எங்க ஃபங்ஷன் முடிஞ்சாச்சு."

"உங்களுது முடிஞ்சது. எங்களுது ஆரம்பிச்சாச்சே."

"என்னது?"

"கழகத்தோட மகளிர் அணி. இவன் வணக்கம்னு சொன்ன உடனே கடவுள் வாழ்த்துப் பாடிட்டேன். அதே பிள்ளையார் பாட்டுதான். நீங்க ஓடி வந்த அவசரத்துல கேட்டிருக்க மாட்டேள்."

எல்லோரும் பஞ்சலிங்கத்தைப் பார்த்தார்கள். பஞ்சலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, பாலம் ஒன்று உடைவதைப் பார்க்கிற இஞ்சினியரின் குரலில், "ஓம். நான் கேட்டனான். துவங்கீட்டுது," என்றார். "எல்லாரும் கையை எடுங்கோ."

ஆன்ட்டி எனக்கு ஒரு டம்ளர் நீட்டினார். நான் உறுப்பினர் இல்லையே. டெஸ்மண்டும் இல்லை, அவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு எனக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்தார்.

"அப்போ நன்றியுரை?" தலைவர் கைகூப்பினார். "யாராவது சட்டுன்னு ஒரு நன்றியைச் சொல்லி முடிச்சுடுங்கோளேன். ஜலஜா, நீயே சொல்லேன்."

"எங்களுக்கு அதெல்லாம் பழக்கமில்லை. அனுபவஸ்தராப் பாத்துக் கூப்பிட்டிருக்கோம்."

தூரத்துத் தனி நாற்காலி காலியாக இருந்தது. ராமசுப்ரமணியன் மைக்கின் முன் நின்று, இரண்டு நாள் மழையிலும் வெயிலிலும் அவரோடு இருந்த காகிதக் கத்தையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கண்கள் கலங்கியிருந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"முதற்கண்," என்றார்.